கர்ஜனா ரிசீவர் வாங்கியவர்களின் கருத்துகள்

பூங்கா நகரில் பூங்கா கிடையாது. வைப்பாற்றுக்குத் தெற்கே, ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில், மனை போட்டு விற்ற யாரோ ஆசையாக வைத்துவிட்டுப் போன பெயர் அது. அந்த நகரின் மூன்றாவது தெருவில் குடியிருந்த வன்னியராஜன், வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினார். கர்ஜனா என்கிற கம்பெனியின் ஹோம் தியேட்டர் ரிசீவர். மலிவான மாடல்தான். சுவரில் மாட்ட ஐந்து ஸ்பீக்கரும் தரையில் வைக்க, கனத்த சத்தங்களை அதிரவிடுகிற ஒரு பாஸ் பெட்டியும் அதோடு வந்தன. அந்தப் பாஸ் பெட்டிக்காகவே அவர் அதை வாங்கினார். ஆனால் அது வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலையாளப் படம் ஒன்றில் காதலர்கள் வயல் வரப்பில் நனைந்துகொண்டு பாடத் தொடங்கியதும், பாஸ் வருவதற்குப் பதிலாக ஹாலில் மழை பெய்தது.

முதலில் தூறல்தான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி மாரிக்கனி, "ஏங்க, சோபா நனையுது" என்றாள். "பாட்டு முடியட்டும்" என்றார் அவர். சரணத்தில் மழை வலுத்தது. அவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள், அது நிறைந்ததும் அண்டாவை வைத்தாள், அதுவும் நிறைந்ததும் குடங்களை வைத்தாள், குடங்களும் நிறைந்தபின் இட்லிக் கொப்பரை, குக்கர், பால் தூக்குவாளி, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற வெண்கலச் செம்பு என்று வீட்டில் குழிவாக இருந்த எல்லாவற்றையும் வைத்தாள். வன்னியராஜன் நடுவில் உட்கார்ந்து, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ரிமோட்டில் பாஸைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் வானம் பிளக்கிற மாதிரி ஒரு இடி விழுந்தது. பாஸ் பெட்டியிலோ, பரணிலிருந்து செருப்பு விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மழை சரி. இடி எங்கே?" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவர் ஏன் இடியைத் தேடினார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. காலண்டர் அடிக்கிற ஒரு ஆப்செட் அச்சகத்தில், தாளில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. வாலிபத்திலிருந்து மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று, மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக அவர் காதைவிட்டுப் போயிருந்தன. கொலுசு போயிற்று, குக்கர் விசில் போயிற்று, கோயில் மணியில் பாதி போயிற்று. பாஸ் ஒன்றுதான் காதை நம்பாமல் நேராக நெஞ்சுக்குள் போகிற சத்தம். அது ஒன்றையாவது வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அது தவிர அவர் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற மனிதர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடிப்போய், ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொல்லிவிட்டு வருவார். காலண்டருக்கு அடித்த அம்மன் படத்தையே, "முகத்துல மஞ்சள் கூடிருச்சு, காமாலை மாதிரி இருக்கா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்.

மழையைத் தெருவுக்கு அறிவித்தது வாய்க்கால்தான். பூங்கா நகரில் குழாயில் தண்ணீர் வருவது நல்ல நாள் வருகிற மாதிரி. எல்லோரும் காத்திருப்பார்கள், வந்தால் சீக்கிரம் போய்விடும். அப்படிப்பட்ட தெருவில் வன்னியராஜன் வீட்டு வாசல் வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, இட்லிக் கடை வைத்திருக்கிற எதிர்வீட்டுத் தெய்வானை, கையில் மாவோடு வந்து நின்றாள்.

"மதினி, என்ன தண்ணிய இப்பிடித் தெறந்து விட்டுருக்கீக?"

"நான் எங்க தெறந்து விட்டேன். அவுக படம் பாக்காக."

தெய்வானை ஹாலை எட்டிப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. மாவுக் கையை நீட்டி அதிலேயே கழுவிக்கொண்டாள். அப்புறம், "அந்தப் பாட்ட இன்னொருக்காப் போடச் சொல்லுங்க, நான் போய்க் குடம் எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

மறு வாரத்துக்குள் தெருவே வந்துவிட்டது. எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாயில் ஏன் வருவதில்லை என்று பல வருடங்களாகக் கேட்டு அலுத்திருந்தார்கள், கேள்வி கேட்டால் வருவதும் நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். எந்தப் படத்துத் தண்ணீர் எதற்கு ஆகும் என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்து மழையில் பருப்பு வேகவில்லை. ஆங்கிலப் படத்து மழையில் குளித்தவர்களுக்குச் சளி பிடித்தது. தெலுங்குப் படத்தில் கதாநாயகன் தரையை மிதித்தால் தண்ணீர் கீழிருந்து மேலே போனது, அதைப் பிடிக்கக் குடத்தைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மலையாளப் படத்து மழைதான் நிதானமாக, சீராக, குடிக்கத் தோதாக இருந்தது; பாட்டே இல்லாவிட்டாலும் சும்மா ஒருவர் ஜன்னலோரம் நின்று யோசிக்கிற காட்சியில்கூட அது பெய்தது. படப்பிடிப்பில் குழாய் வைத்துப் பீய்ச்சியதா, நிஜ மழையா என்பதைத் தெய்வானை ஒரு மடக்குக் குடித்தே சொல்லிவிடுவாள். "இது லாரித் தண்ணிப்பா. டீசல் வாடை வருது. வேற படம் போடுங்க."

நகர் நலச் சங்கத்தின் தலைவர் கனகசபாபதி, வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நடுவில் நுழைந்து முறை வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு என்று ஆயிற்று. அதிலிருந்து பூங்கா நகரில் தண்ணீரைக் குடத்தால் அளக்கிற வழக்கம் போய், பாட்டால் அளக்கிற வழக்கம் வந்தது. "எங்க வீட்டுக்கு மச்சினன் வந்திருக்கான், ஒரு சரணம் சேத்து விடுங்க" என்றும், "பல்லவி போதும் மதினி, குடிக்கத்தானே" என்றும், "போன வாரம் நான் விட்டுக்குடுத்த அரைப் பாட்டு பாக்கியிருக்கு" என்றும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். துவைக்கிறவர்கள் சண்டைக் காட்சியைக் கேட்டார்கள். மழையில் நடக்கிற சண்டையில் துணி தானாகவே அடிபட்டு வெளுத்தது.

ஸ்பீக்கர்களுக்கு நடுவில் மட்டும்தான் மழை. ஐந்து ஸ்பீக்கரும் எதை வளைத்து நின்றனவோ அதற்குள் பெய்தது, ஒரு அங்குலம் தள்ளி டிவியும் ஸ்டாண்டும் காய்ந்து கிடந்தன. பின்பக்க ஸ்பீக்கர் ஒன்றை மாரிக்கனி கொல்லைக்கு நகர்த்தி வைத்தபோது மழையும் கொல்லைவரை நீண்டது. அப்படியானால் ஸ்பீக்கர்களை நாலு வீட்டுக்குப் பிரித்து வைத்தால் நாலு வீட்டிலும் பெய்யுமே என்று யாரோ சொன்னார்கள். யார் வீட்டில் எந்த ஸ்பீக்கர் என்று கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன, ஒரு நிச்சயதார்த்தம் நின்றது, தலைவரின் கண்ணாடி உடைந்தது. மழை பழையபடி வன்னியராஜன் வீட்டு ஹால் அளவுக்கே பெய்தது.

மாரிக்கனி தெருவின் பெரிய மனுஷியானாள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பேர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இருபது வருடமாக அவளுக்குத் தெரு கொடுக்காத சிரிப்பு அது. வன்னியராஜனுக்குத்தான் சங்கடம். வேலை முடிந்து வந்து, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, பாலித்தீன் உறையில் போட்ட ரிமோட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், மழைக் காட்சி முடிந்த கையோடு யாராவது, "அண்ணாச்சி, ரிவைண்டு" என்பார்கள். ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் பார்க்கவில்லை. வரப்பில் நனைந்த அந்தக் காதலர்கள் கல்யாணம் செய்துகொண்டார்களா என்பது அவருக்குத் தெரியாது. இடி விழும் இடத்தில் எல்லாம் பாஸ் பெட்டி செருப்பைப் போட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல், அதை வாங்கிய இணையக் கடையின் பக்கத்தில், வாங்கியவர்கள் கருத்துச் சொல்கிற இடத்தில், இப்படி எழுதினார்: 'படத்தில் மழை வந்தால் நம் வீட்டிலும் மழை வருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாஸ் சுத்தமாக இல்லை. ஐந்துக்கு இரண்டு ஸ்டார். வன்னியராஜன், பூங்கா நகர் மூன்றாவது தெரு.'

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 'அன்பு வாடிக்கையாளரே, தங்கள் கருத்துக்கு நன்றி. கருவியை ஈரமான இடத்தில் வைக்க வேண்டாம்.'

அதற்குப் பின்னால் மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். கரூரிலிருந்து ஒருவர், 'வாங்கி மாட்டியாயிற்று. மழை வரவில்லை. ரிமோட்டில் எந்த பட்டன்?' என்று கேட்டிருந்தார். சென்னையில் தாழ்வான பகுதியில் இருந்த ஒருவர், 'எங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே தண்ணீர் வருகிறது. நிறுத்துகிற மாடல் இருந்தால் சொல்லவும்' என்று எழுதினார். வால்பாறைக்காரர் வெயில் வருமா என்று விசாரித்தார். ஒரு பெண், 'பாஸ் அபாரம், மாமியார் வேறு அறைக்குப் போய்விட்டார், ஐந்து ஸ்டார்' என்று எழுதியிருந்தார். ஒருவர் வீட்டிலும் சொட்டு விழவில்லை. எல்லோர் வீட்டிலும் பாஸ் அதிர்ந்தது. வன்னியராஜன் அதையெல்லாம் படித்துவிட்டுத் தன் பாஸ் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

கடைசியாக வந்த கருத்து, எழுத்தாக வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில், கர்ஜனா ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் அட்டைப்பெட்டியோடு சாக்கில் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பாஸ் பெட்டியை இன்னொரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒத்தப்பனைப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து ஒரு அம்மாள் வந்தார். பெயர் அமலோற்பவம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்.

"வன்னியராஜன் சார் வீடு இதுதானே? உங்க கருத்த நம்பித்தான் சார் வாங்கினோம். ஒரு சொட்டு வரலையே?"

"யம்மா, நான் அதக் குறையாத்தானே எழுதியிருந்தேன்" என்றார் வன்னியராஜன்.

"உங்களுக்குக் குறை. எங்களுக்கு அது ஒண்ணுதான் வேணும்." அவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "ஊர்க் கிணத்துல தண்ணி இல்ல. அரிசி வருது, பருப்பு வருது, முட்டை வருது, உலை வைக்கத் தண்ணி வர மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள்லாம் சேந்து என்ன வேணும் டீச்சர்னு கேட்டாங்க. எல்லாரும் கம்ப்யூட்டர் கேளுங்கன்னாங்க. நான் உங்க எழுத்தப் படிச்சுட்டு இதக் கேட்டேன். இப்ப ஊருக்குள்ள என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

வன்னியராஜனுக்கு வெயிலில் நிற்பது போல இருந்தது. அவர் சொன்ன கருத்துக்காக ஜனங்கள் அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள், பந்தியில் பாயசம் வைக்காமல் போயிருக்கிறார்கள். அவர் சொன்னதை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்தது இதுதான் முதல் தடவை.

"மாட்டிப் பாப்போம்" என்றார்.

தன் ரிசீவரைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாளின் ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் பாஸ் பெட்டியையும் அதே இடத்தில் வைத்து, அதே படத்தைப் போட்டார். குடங்களோடு நின்ற தெரு, கழுத்தை நீட்டிப் பார்த்தது. காதலர்கள் நனைந்தார்கள். ஹால் காய்ந்து கிடந்தது. பிறகு இடி விழுந்தது. சுவரில் காலண்டர் ஆடியது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தன, தெய்வானையின் காலிக் குடம் தானாக முனகியது, வன்னியராஜனின் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டித் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்," என்றார் அமலோற்பவம் வருத்தமாக, "வெறும் சத்தம். இத வச்சு நான் எப்படி உலை வைக்க?"

வன்னியராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, தன் ரிசீவரையும் தன் ஸ்பீக்கர்களையும் தன் செருப்புச் சத்தப் பெட்டியையும் அந்த அம்மாளின் சாக்கில் போட்டுக் கட்டினார். மாரிக்கனி அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்னங்க பண்ணுறீக?"

"நான் எழுதினத நம்பி வாங்கியிருக்காக."

"அதுக்கு? தெருவு முழுக்கக் குடத்தோட நிக்குது. அவுகளுக்கு என்ன சொல்ல?"

"அங்க பிள்ளைகளுக்குச் சோறு பொங்கணும் மாரி."

"சோத்துக்கா குடுக்கீக? அந்தச் சத்தத்தக் கேட்டதும் உங்க மொகம் போன போக்க நான் பாத்தேன்."

சோற்றுக்காகவா, சத்தத்துக்காகவா? உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பற்றிக் கருத்து வைத்திருந்தவருக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். மாரிக்கனி ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிடுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய சின்னக் குரலில் பாதி அவர் காதுக்கு எட்டாது என்பதால், அவள் பேசவில்லை என்பதையே அவர் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

தெரு அவரை மன்னிக்கவில்லை. 'பாஸுக்காகத் தண்ணிய வித்தவன்' என்றது. அவர் ஒரே ஒரு தடவை அந்த ரிசீவரைப் போட்டார். முதல் அதிர்வு எழுந்ததும் வாசலில் காலிக் குடங்களைத் தட்டிக்கொண்டு தெரு நின்றது. அவர் அணைத்துவிட்டு, ரிசீவரின் மேல் துண்டைப் போட்டு மூடினார். ஊரிலேயே நல்ல பாஸ் அவர் வீட்டில் இருந்தது. அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. தண்ணீர் மறுபடியும் குடத்தால் அளக்கப்பட்டது. யாராவது வாய் தவறி "ஒரு பல்லவி" என்று சொல்லிவிட்டால், கூட இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தெய்வானை ஊறப்போட வேண்டிய உளுந்தைக் குறைத்தாள், இட்லி குறைந்தது, காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பசியோடு பஸ் ஏறினார்கள், அதற்கும் வன்னியராஜனையே திட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் போன் செய்து, "சார், ஒரு தடவை வந்து பாருங்க, உங்க கருத்து வேணும்" என்றார். அவர் தனியாகத்தான் போனார். மாரிக்கனியைக் கூப்பிட்டார், அவள் நிமிராமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒத்தப்பனைப்பட்டியில் பஸ் நிற்கும்போதே, வரப்புக் காதலர்களின் அந்தப் பாட்டு அவர் காதுக்கே எட்டுகிற சத்தத்தில் கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வயல் காட்டுக்குள் நடந்தவர், கண்மாய்க்கரையில் ஏறி நின்றார். அந்த ஊர்க்காரர்கள் ஸ்பீக்கரை வீட்டுக்குள் வைக்கவில்லை. யார் வீட்டில் வைப்பது என்று கூட்டமும் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை பேர் நனைய இடம் இல்லை என்று அமலோற்பவம் சொன்னதும், மைக் செட் வைத்திருந்த துரைப்பாண்டி என்பவர், திருவிழாவுக்கு இழுக்கிற ஒயரை எல்லாம் அவிழ்த்துக் கொடுத்தார். கண்மாயின் நாலு மூலையிலும் கருவேல மரங்களில் ஒவ்வொரு ஸ்பீக்கரைக் கட்டினார்கள், ஐந்தாவதைக் கரையில் ஐயனார் குதிரையின் கழுத்தில் மாட்டினார்கள், ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் படத்தைப் போட்டார்கள்.

மழை கண்மாய் முழுக்கப் பெய்துகொண்டிருந்தது. கரையின் இந்தப் பக்கம் வெயில். கரையில் நின்று கையை நீட்டினால் முழங்கை வரை காய்ந்தும் உள்ளங்கை நனைந்தும் இருந்தது. எருமைகள் மழைக்குள் போய் நின்றுகொண்டு, தலையை மட்டும் வெயிலில் வைத்திருந்தன. பாட்டு முடியும், மழை நிற்கும், ரிமோட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் மறுபடி போடுவார், மழை தொடங்கும். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தப் பாட்டை வெறுத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் அமலோற்பவம்.

"இன்னும் எத்தன நாளைக்குப் போடுவீங்க?"

"கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாயிற வரைக்கும். எங்க தாத்தா காலத்துல ஒரு தடவை பாஞ்சுதாம். தெக்கே ஒரு ஓடையில இறங்கிப் போகுமாம். அதுக்கப்புறம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல."

சமையல் கூடத்துக்குக் கூட்டிப்போய் அவருக்குச் சோறு போட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் முட்டையைக் கடைசிக்கு என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். வன்னியராஜன் சாம்பாரைப் பிசைந்து வாயில் வைத்தார். உப்பு குறைவு. அவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லாமல் கை கழுவினார்.

திரும்பி வந்து மாரிக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எருமைகளைச் சொன்னார், ஐயனார் குதிரையைச் சொன்னார், முட்டையைச் சொன்னார். அவள் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தெருவில் சொன்னபோது, "ஆமா, கண்மாய்ல பெய்யுது, இவரு பாஸ்ல கேட்டாரு" என்று சிரித்தார்கள்.

சித்திரை வெயில் ஏறியது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. பூங்கா நகருக்குப் பின்னால் கரிசல் காட்டை ஒட்டி ஒரு பள்ளம் ஓடியது. அது என்னவென்று யாரும் யோசித்ததில்லை. அதில் குப்பை கொட்டினார்கள், பழைய கட்டிலைப் போட்டார்கள், கனகசபாபதி கொஞ்ச தூரத்துக்கு மண்ணடித்து மேடாக்கிக் காருக்கு ஒரு ஷெட் கட்டியிருந்தார். ஒரு நாள் முற்பகலில், தெய்வானை இட்லித் துணியைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள், காட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ மினுங்குவதைப் பார்த்தாள். வெயிலில் தகரம் என்று முதலில் நினைத்தாள். தகரம் நகர்ந்து வந்தது. வளைந்து வந்தது. கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு, நின்று, யோசித்து, மறுபடி வந்தது.

"மதினீ!" என்று மாடியிலிருந்து கத்தினாள். "ஓடையில தண்ணி வருது! நடந்து வருது!"

தெரு கொல்லைப்பக்கம் ஓடியது. வெட்டவெளி வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத பகலில், கரிசல் மண் கரைந்த நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் நுரையையும் சருகையும் எறும்புக் கூட்டத்தையும் தள்ளிக்கொண்டு, பல வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன வீட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு வருகிற மாதிரி மெதுவாக வந்தது. பழைய கட்டிலைத் தூக்கிக்கொண்டது. கார் ஷெட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றது. கனகசபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் போய், "இது பட்டா இடம். எல்லா ரெக்கார்டும் இருக்கு" என்றார். தண்ணீர் அவர் சொன்னதைக் கொஞ்ச நேரம் கேட்டது. பின்னால் வந்த தண்ணீர் சேர்ந்துகொண்டே போனது. அப்புறம் ஷெட்டின் பின்சுவர் ஒரு கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து சாய்ந்தது, கார் பிரேக் போட்டபடியே நாலு அடி மிதந்து போய் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. தலைவர் முழங்கால் தண்ணீரில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று தண்ணீரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பெண்கள் குடங்களைக் கொண்டுவந்தார்கள், அப்புறம் குடங்களைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். கூட்டத்தில் முறைத்துக்கொண்டு போன இரண்டு குடும்பங்களும் ஒரே பள்ளத்தில் இடுப்பளவு நின்று ஒருவர் முகத்தில் ஒருவர் தண்ணீரை அடித்துக்கொண்டார்கள். தெய்வானை குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "மலையாளம்" என்றாள்.

வன்னியராஜன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தன்னைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயந்துதான் உள்ளே போகாமலும் வெளியே இறங்காமலும் நின்றார். தண்ணீர் சந்து வழியாகத் திரும்பித் தெருவுக்குள் வந்தது. ஒவ்வொரு வாசலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்து, அவர் வீட்டுப் படிக்குக் கீழே நின்றது. முதல் படி நனைந்தது. உள்ளேயிருந்து மாரிக்கனி வந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, தண்ணீரைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். ஒரு சின்ன மீன் படியில் மோதித் திரும்பியது.

"ஏங்க," என்றாள் அவள், அத்தனை நாள் போட்டிருந்த பூட்டைத் திறந்து, "செருப்ப எடுத்து மேல வைங்க."

அவர் சட்டென்று குனிந்து, அவளுடையதையும் தன்னுடையதையும் இரண்டு ஜோடியாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், தெருவே பார்க்க, அப்படியே நின்றார்.